ப்ரொபெல்லரைக் கழற்றிய பிறகு



மாதிரி விமானத்துக்கென்று செய்யப்பட்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை, ரேடியோ ரிமோட்டில் ஓடும் மாதிரி டிரக்கில் பொருத்தி ஓட்டுவது எப்படி? இதுவே இன்றைய பொருள். எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும். டிரக்கை ஒரு சிறுவன் தூக்கிவிடுவான். ஆனால் இந்தச் சின்ன வேலைக்குள் எஞ்சின் படிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைப் பேச ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆவடியில் டாங்கிகளும் அவற்றின் எஞ்சின்களும் உருவாகின்றன. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் சத்தம் இன்றும் ஓயவில்லை. பூந்தமல்லிப் பக்கம் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. எஞ்சின் என்பது இந்த ஊர்களின் வீட்டுப் பேச்சு.

முதல் கேள்வி: எதற்காக இந்த வேலை? மாதிரி டிரக்கில் வழக்கமாக இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். ஏறக்குறைய 3.5 சி.சி. அளவு, நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தொடும், கீச்சென்று அலறும். பார்த்தால் லாரி, கேட்டால் மரம் அறுக்கும் ரம்பம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் குரல் வேறு. அடித்தொண்டையில் இருந்து வரும், தனித்தனியாக எண்ணலாம் போன்ற தட்டல். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் புல்லட் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமே, அந்த வகைக் குரல். குரலோடு இழுவையும் வருகிறது, எரிபொருள் சிக்கனமும் வருகிறது. இந்த மூன்றுக்காகவே இந்த வேலை.

இரண்டாவது கேள்வி: அந்த எஞ்சின் எப்படிப்பட்டது? உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்று பிஸ்டன் இரண்டு முறை மேலும் கீழும் போய் வந்தால் ஒரு சுழற்சி முடிகிறது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் ஒரே ஒரு முறைதான் வெடிப்பு. இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. வால்வுகளைத் திறக்க கேம், புஷ் ராட், ராக்கர் எல்லாம் உண்டு. புல்லட்டில் இருக்கும் இந்த உறுப்புகள் அனைத்தும் விரல் அளவில் இங்கே இருக்கின்றன. ஜப்பானின் ஓ.எஸ். கம்பெனி 1976-இல் எஃப்.எஸ்.-60 என்ற 10 சி.சி. எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நான்கு ஸ்ட்ரோக் என்பது மாதிரி விமானக்காரர்களின் கைக்கு எட்டியது.

இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிளாட்டினக் கலவைக் கம்பிச் சுருள் கொண்ட க்ளோ ப்ளக் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரியால் சுருளைச் சிவக்க வைக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். எரிபொருளில் உள்ள மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தைத் தொடும்போது எழும் வெப்பமும், முந்தின எரிதலின் வெப்பமும் சேர்ந்து சுருளைச் சிவப்பாகவே வைத்திருக்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல் என்பதால், வெப்பத்தை நீண்ட நேரம் பிடித்து வைக்கும் தனி வகை ப்ளக் தேவை. இரண்டு ஸ்ட்ரோக் ப்ளக்கை மாட்டினால் ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் அணைந்து அணைந்து போகும்.

மூன்றாவது கேள்விதான் இந்தச் சொற்பொழிவின் உயிர். ப்ரொபெல்லரைக் கழற்றினால் எஞ்சின் எதையெல்லாம் இழக்கிறது?

விமானத்தை இழுப்பது மட்டுமே ப்ரொபெல்லரின் வேலை என்று தோன்றும். எஞ்சினைக் கேட்டால் நான்கு வேலை சொல்லும். ஒன்று, ப்ரொபெல்லர்தான் ஃப்ளைவீல். ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் எஞ்சினை நிற்காமல் சுற்ற வைப்பது அந்த நீண்ட இறக்கையின் சுழல் வேகம். இரண்டு, ப்ரொபெல்லர்தான் விசிறி. அது தள்ளும் காற்று சிலிண்டரின் துடுப்புகளைத் தழுவிப் போய்ச் சூட்டை எடுத்துச் செல்கிறது. மூன்று, ப்ரொபெல்லர்தான் கடிவாளம். அதன் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். அதனால் எஞ்சின் ஓர் எல்லைக்கு மேல் ஓடவே முடியாது. நான்கு, ப்ரொபெல்லர்தான் கைப்பிடி. அதைச் சுண்டித்தான் எஞ்சினை எழுப்புகிறார்கள். இவற்றோடு வானம் தரும் ஐந்தாவது கொடையும் உண்டு: தூசியில்லாத காற்று.

டிரக்கில் ஏறும் எஞ்சினுக்கு இந்த ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. ப்ரொபெல்லர் போகலாம், அது செய்த வேலை போகக் கூடாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாக வரிசைக்கு வரும்.

இது பொம்மைக்கு மட்டும் பொருந்தும் பாடமா? இரண்டாம் உலகப் போரின் வரலாற்றைப் பாருங்கள். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களைப் பறக்க வைத்தது. பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர், ஆயிரம் குதிரைச் சக்திக்கு மேல். பிரிட்டனின் டாங்கிகளுக்கோ நல்ல எஞ்சின் இல்லை. 1941-இல் அந்த மெர்லினையே டாங்கிக்கு மாற்றும் வேலை தொடங்கியது. மாற்றியவர்கள் என்ன செய்தார்கள்? உயரத்தில் மூச்சு கொடுக்கும் சூப்பர்சார்ஜரைக் கழற்றினார்கள். டாங்கியின் கியர்பாக்ஸுக்கு ஏற்றபடி சுழலும் திசையை மாற்றினார்கள். சக்தியை ஏறக்குறைய 600 குதிரையாகக் குறைத்தார்கள். பறக்கும்போது தானாக வந்த காற்றை விசிறியால் கொடுத்தார்கள். மண்ணில் ஓடுவதற்குக் காற்று வடிகட்டி வைத்தார்கள். அந்த எஞ்சினுக்கு மீட்டியர் என்று பெயர். பிற்காலத்தில் செஞ்சூரியன் டாங்கிகளில் அது 650 குதிரைச் சக்தி கொடுத்தது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் போர்க்களத்தில் இந்தியப் படை ஓட்டிய செஞ்சூரியன்களின் வயிற்றில் உறுமியது அந்த விமான எஞ்சினின் தம்பிதான்.

அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி இன்னொரு சாட்சி. அதன் முதல் வகைகளில் ரைட் ஆர்-975 என்ற விமான எஞ்சின் இருந்தது. ஒன்பது சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரங்கள்போல் சுற்றி நிற்கும் வட்ட எஞ்சின். வட்ட எஞ்சினின் ஷாஃப்ட் அதன் நடுவில், உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் இருந்து முன்பக்கத்துக்கு டிரைவ் ஷாஃப்ட் போக வேண்டியிருந்ததால் டாங்கியும் உயர்ந்தது, 2.7 மீட்டர் உயரம். எதிரியின் கண்ணுக்கு எளிதில் பட்டது. எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் வண்டியின் உருவத்தையும் தேர்ந்தெடுத்தாயிற்று என்று பொருள்.

ஆவடிக்கு வருவோம். 1961-இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து 1965 இறுதியில் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதில் இருந்த லேலண்ட் எல்60 ஓர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும் அமைப்பு. அடுத்து வந்த டி-72 அஜேயாவில் 780 குதிரைச் சக்தி கொண்ட வி-46, டி-90 பீஷ்மாவில் 1,000 குதிரைச் சக்தி கொண்ட வி-92. இரண்டும் நான்கு ஸ்ட்ரோக் டீசல். டாங்கி எஞ்சின்களுக்கென்று ஆவடியில் 1987-இல் தனித் தொழிற்சாலை எழுந்தது. டாங்கிகளை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகமும் ஆவடியில்தான் இருக்கிறது. அந்த ஆய்வகம் தேஜஸ் போர் விமானத்தின் துணைக் கருவிகளை ஓட்டும் கியர்பாக்ஸையும் வடிவமைத்தது. வானத்து எஞ்சின் தரைக்கு இறங்கியது ஒரு கதை. தரையில் டாங்கி செய்தவர்களின் கியர் வானத்துக்கு ஏறியது மறு கதை. இரண்டு கதையும் சொல்வது ஒன்றே: சக்தியைப் பிறப்பிப்பது பாதி வேலை, அதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது மீதி வேலை.

இனி டிரக்கைக் கையில் எடுக்கலாம். முதல் படி, எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது. ஐந்து கிலோ அளவு எடையுள்ள மாதிரி டிரக்குக்கு 6.5 முதல் 8.5 சி.சி. வரையுள்ள விமான எஞ்சின் ஏற்றது. சி.சி. கூடுதலாகத் தெரிகிறதே என்று தயங்க வேண்டாம். சுற்று குறைவு என்பதால் அளவைக் கூட்டித்தான் ஆக வேண்டும். வாங்கும் முன் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்வது நல்லது: அடியில் இருந்து ராக்கர் மூடிவரை உள்ள உயரம், இரண்டு பக்கக் காதுகளில் உள்ள போல்ட் துளைகளின் இடைவெளி, காதுகளில் இருந்து ஷாஃப்ட் நடுவரை உள்ள தூரம். நான்கு ஸ்ட்ரோக்குக்கு வால்வு தலைக்கு மேல் இருப்பதால் எஞ்சின் நெட்டையாக நிற்கும். ஷெர்மன் டாங்கிக்கு நேர்ந்தது இங்கேயும் நேரும். திருப்பத்தில் டிரக் கவிழாமல் இருக்க, எஞ்சினை முடிந்தவரை தாழ்த்தி உட்கார வைக்க வேண்டும்.

இரண்டாவது படி, உட்கார வைப்பது. விமானத்தில் இந்தக் காதுகள் இரண்டு மரச் சட்டங்களின்மேல் உட்காரும். டிரக்கின் தரைத்தட்டு அலுமினியம். நடுவில் 6 மி.மீ. கனமுள்ள அலுமினியத்தில் இரண்டு தாங்கிகள் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டின் எந்தச் சின்னப் பட்டறைக்கும் இது அரை நாள் வேலை. தாங்கியின் அடிப்பக்கத் துளைகளை மட்டும் நீள் துளையாக இட வேண்டும். ஏன்? கியர்களின் இடைவெளியைச் சரிசெய்ய எஞ்சின் முன்னும் பின்னும் நகர வேண்டும். போல்ட் ஒவ்வொன்றுக்கும் மரைப் பசை தடவ வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு எந்த நட்டையும் விட்டுவைக்காது.

மூன்றாவது படி, ஃப்ளைவீல். இங்கேதான் பட்டறையின் கை தெரியும். விமான எஞ்சின் ஷாஃப்டில் ப்ரொபெல்லரைத் தாங்கும் வட்டத் தட்டும் நட்டும் இருக்கும். டிரக் எஞ்சின் ஷாஃப்டில் கூம்பு வளையம், அதன்மேல் ஃப்ளைவீல், பிறகு கிளட்ச் மணி உட்காரும் நீண்ட முனை. இரண்டுக்கும் மரையும் ஒன்றில்லை, நீளமும் ஒன்றில்லை. ஆகவே ஓர் இணைப்பைக் கடைந்தெடுக்க வேண்டும். இரும்புக் கம்பியில் ஒரு துண்டு, உள்ளே எஞ்சினின் மரை, வெளியே ஃப்ளைவீல் உட்காரும் கூம்பு, நுனியில் கிளட்ச் மணியின் பேரிங்குக்கு வழவழப்பான அச்சு. மரை, கூம்பு, அச்சு மூன்றையும் துண்டைக் கழற்றி மாட்டாமல், லேத்தில் ஒரே பிடியில் கடைய வேண்டும். ஒரு முறை கழற்றி மறுபடி பிடித்தாலும் மையம் விலகிவிடும்.

மையம் விலகினால் என்ன ஆகும்? மையத்தில் இருந்து 20 மி.மீ. தள்ளி ஒரே ஒரு கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் அந்த ஒரு கிராம், பேரிங்கை இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கும். ஒரு வினாடியில் 166 முறை திசை மாறி மாறி இழுக்கும். ஆகவே ஃப்ளைவீலை மாட்டியதும் அதன் விளிம்பில் டயல் கேஜை வைத்துக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். முள் ஐந்து பிரிவுக்கு மேல், அதாவது 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் துண்டு மறுபடி லேத்துக்குப் போக வேண்டியதுதான்.

ஃப்ளைவீலின் அளவு எவ்வளவு? இரண்டு ஸ்ட்ரோக் டிரக்கில் வரும் 34 மி.மீ. ஃப்ளைவீல் போதாது. ப்ரொபெல்லர் எடை குறைந்தது. ஆனால் ஓர் அடி நீளத்துக்கு விரிந்தது. சுழலும் பொருளில் எடை எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் பலன் நான்கு மடங்கு. ஒரு வெடிப்பின் உந்தலை வைத்துக்கொண்டே வெளியேற்றி, உறிஞ்சி, அழுத்தி முடிக்க வேண்டிய எஞ்சினுக்கு, விளிம்பில் கனம் வைத்த 50 மி.மீ. ஃப்ளைவீல் தேவை. அது தரைத்தட்டில் இடிக்காமல் இருக்க, அடியில் நீள்சதுரமாக ஒரு வெட்டும் தேவை. அந்த வெட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது பிறகு வரும்.

நான்காவது படி, கிளட்ச். எஞ்சின் மெல்ல ஓடும்போது டிரக் நிற்க வேண்டும். வேகம் கூடும்போது டிரக் நகர வேண்டும். சுழற்சியால் வெளியே விரியும் கட்டைகள் கிளட்ச் மணியின் உட்சுவரைப் பற்றிக்கொள்வதே இதன் வழி. விரிக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். இரண்டு ஸ்ட்ரோக்குக்கான கிளட்ச் 12,000 சுற்றில் பிடிப்பதாக இருந்தால், 4,000 சுற்றில் அதற்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு விசைதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் தொடுவதே 10,000 அளவுதான். பழைய கிளட்ச் இருந்தால் எஞ்சின் உறுமும், டிரக் அசையாது. ஆகவே மெல்லிய ஸ்பிரிங், கனத்த கட்டை, பெரிய விட்டம் மூன்றும் சேர வேண்டும். ஸ்லோ ஸ்பீடு 2,500 சுற்றில் நின்றால், 4,000 சுற்றில் கிளட்ச் பிடிப்பது நல்ல அளவு.

ஐந்தாவது படி, கியர் கணக்கு. அவையோர் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டிய இடம் இது. சக்தி என்பது வேறு, முறுக்கு விசை என்பது வேறு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் 30,000 சுற்றில் இரண்டு குதிரைச் சக்தி கொடுப்பதாக வைத்துக்கொண்டால், அதன் முறுக்கு விசை 0.47 நியூட்டன் மீட்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 10,000 சுற்றில் ஒரே ஒரு குதிரைச் சக்தி கொடுத்தால், அதன் முறுக்கு விசை 0.71 நியூட்டன் மீட்டர். சக்தியில் பாதி, முறுக்கில் ஒன்றரை மடங்கு! ஓட்டப் பந்தயக்காரனுக்கும் மூட்டை தூக்குபவருக்கும் உள்ள வித்தியாசம் இது.

சக்கரத்தின் விட்டம் 15 செ.மீ. என்றால் ஒரு சுற்றில் டிரக் 47 செ.மீ. நகரும். எஞ்சின் 20 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் பழைய கியரில், 30,000 சுற்றுக்கு மணிக்கு 42 கி.மீ. வேகம் கிடைத்தது. அதே கியரில் 10,000 சுற்று எஞ்சினை மாட்டினால் வேகம் மணிக்கு 14 கி.மீ.தான். கியரை 10-க்கு 1 என்று மாற்றினால் 28 கி.மீ. இழுவையும் போதும், வேகமும் போதும். இதற்குக் கிளட்ச் மணியில் பல் கூட வேண்டும், எதிரில் உள்ள பெரிய கியரில் பல் குறைய வேண்டும். பல்லும் பல்லும் இறுக்கமாகக் கடித்தால் தேயும், தளர்ந்தால் சிதறும். ஒரு துண்டு நோட்டுத் தாளை இரண்டு பல்லுக்கும் நடுவில் கொடுத்து, எஞ்சினை நெருக்கி போல்டை முறுக்கி, பிறகு கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுக்க வேண்டும். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் இடைவெளி சரி.

ஆறாவது படி, சூடு. சென்னைப் புறநகரின் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். விமான எஞ்சினின் துடுப்புகள் மெல்லியவை, சிறியவை. முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. டிரக் கூட்டுக்குள் அந்தக் காற்று எங்கே? இரண்டு வழி உண்டு. ஃப்ளைவீலின் முகத்தில் தகட்டு இறக்கைகளைப் பொருத்தி, அது தள்ளும் காற்றைத் தகர உறையால் சிலிண்டருக்குத் திருப்பலாம். அல்லது பேட்டரியில் ஓடும் சிறு விசிறியைச் சிலிண்டர் தலைக்கு நேரே வைக்கலாம். எந்த வழியானாலும் டிரக்கின் கூண்டில் காற்று நுழைய முன்னே ஒரு வாய், வெளியேறப் பின்னே அதைவிடப் பெரிய ஒரு வாய் வெட்ட வேண்டும். உள்ளே வந்த காற்று வெளியே போகாவிட்டால் விசிறி சுற்றியும் பயனில்லை.

ஏழாவது படி, தூசி. விமான எஞ்சினின் கார்புரேட்டர் வாயில் வடிகட்டியே கிடையாது. அதை அப்படியே ஆவடியின் காய்ந்த ஏரி மண்ணில் ஓட்டினால் என்ன ஆகும்? மெத்தனாலோடு மண் துகள் உள்ளே போய், எண்ணெயோடு கலந்து, சாணைப் பசையாக மாறும். பிஸ்டனையும் சிலிண்டரையும் அந்தப் பசை ராவிவிடும். சில டேங்க் எரிபொருள் முடிவதற்குள் அழுத்தம் போய்விடும். ஆகவே இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு வடிகட்டியை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, ரப்பர் முழங்கையால் கார்புரேட்டர் வாயில் இறுக்கிக் கட்ட வேண்டும். மீட்டியருக்கு டாங்கியில் செய்தது எதுவோ அதுவே இங்கேயும். இந்த வடிகட்டி இல்லாமல் ஒரு நிமிடம்கூட மண்ணில் ஓட்டக் கூடாது.

எட்டாவது படி, குழாய்களும் கம்பிகளும். டேங்கின் நடு மட்டம் கார்புரேட்டர் ஊசியின் மட்டத்தில் இருக்க வேண்டும். சற்றுத் தாழ்ந்தாலும் பாதகமில்லை. சைலென்சரில் இருந்து ஓர் அழுத்தக் குழாய் டேங்குக்குப் போனால் மேட்டிலும் பள்ளத்திலும் எரிபொருள் சீராக வரும். டேங்கின் அடியில் ஸ்பாஞ்சு இல்லாவிட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கும். நுரை உள்ளே போனால் எஞ்சின் திக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு சிறு மூச்சுக்குழல் உண்டு. அதில் இருந்து எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். விமானத்தில் அது காற்றோடு போய்விடும். டிரக்கில் அது கிளட்ச் மீதோ பிரேக் தட்டின் மீதோ சொட்டினால் இரண்டும் வழுக்கும். ஒரு சிலிக்கான் குழாயை மாட்டித் தரைத்தட்டுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும்.

விமானத்துக்கு பிரேக் தேவையில்லை; டிரக்குக்குத் தேவை. ஒரே சர்வோ மோட்டார் முன்னே போனால் த்ராட்டில் திறக்க வேண்டும், பின்னே வந்தால் த்ராட்டில் மூடி பிரேக் பிடிக்க வேண்டும். இரண்டு கம்பிகளிலும் ஒவ்வொரு சிறு ஸ்பிரிங் வைத்தால், ஒன்று எல்லையைத் தொட்ட பிறகும் மற்றொன்று நகர முடியும். ரேடியோ சிக்னல் அறுந்தால் த்ராட்டில் தானாக மூடி பிரேக் பிடிக்கும்படி ரிசீவரில் அமைத்துவிட வேண்டும்.

இங்கே கடிவாளத்தை மறக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருக்கும்வரை எஞ்சினுக்குச் சுமை உண்டு. டிரக் மேட்டில் ஏறித் துள்ளி அந்தரத்தில் இருக்கும் அரை வினாடி? சுமை போயிற்று. ப்ரொபெல்லர் இருந்தால் இப்படி நேராது. சுமையற்ற எஞ்சின் எகிறினால் வால்வு ஸ்பிரிங்குகள் கேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் மிதக்கும். புஷ் ராட் வளையும். ஆகவே த்ராட்டில் முழுவதும் திறக்காதபடி ரிமோட்டிலேயே எல்லை குறிக்க வேண்டும். துள்ளும் இடத்தில் விரலைத் தளர்த்தும் பழக்கமும் ஓட்டுபவருக்கு வேண்டும். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ரேஸ் செய்து பார்ப்பது, நான்கு ஸ்ட்ரோக்குக்குச் செய்யும் பெரும் துரோகம்.

ஒன்பதாவது படி, வால்வு இடைவெளி. புல்லட் மெக்கானிக் எஞ்சின் ஆறியபின் புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். தடையில்லாமல் உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. மாதிரி எஞ்சினில் விரல் நுழையாது. ஃபீலர் கேஜ்தான் கண். ஓ.எஸ். எஞ்சின்களுக்கு இந்த இடைவெளி 0.04 முதல் 0.1 மி.மீ. வரை. எஞ்சின் குளிர்ந்திருக்க, பிஸ்டன் அழுத்தும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்க, இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். 0.04 தகடு நுழைய வேண்டும், 0.1 தகடு நுழையக் கூடாது. தகடு ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் லேசான பிடிப்போடு சறுக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை மறுபடி பார்ப்பது கட்டாயம்.

பத்தாவது படி, எழுப்புவது. ப்ரொபெல்லர் இல்லாத எஞ்சினை எதைச் சுண்டி எழுப்புவது? தரைத்தட்டில் வெட்டிய துவாரம் இப்போது உதவுகிறது. 12 வோல்ட் மோட்டாரில் சுழலும் ரப்பர் சக்கரம் கொண்ட ஸ்டார்ட்டர் பெட்டியின்மேல் டிரக்கை வைத்து அழுத்தினால், ரப்பர் ஃப்ளைவீலைத் தொட்டுச் சுற்றும். அதற்கு முன் ஒரு முறை கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கல்லாக இறுகி நின்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் நிறைந்துவிட்டது என்று பொருள். திரவம் அழுந்தாது. ஸ்டார்ட்டரால் பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும். ப்ளக்கைக் கழற்றி, டிரக்கைக் கவிழ்த்து, எரிபொருளை வடித்துவிட்டுத் தொடங்க வேண்டும். எஞ்சின் சில நேரம் பின்னோக்கி உதைக்கும். அந்த உதை ஃப்ளைவீல் நட்டைத் தளர்த்திவிடும் என்பதால் இரட்டை நட்டு போட வேண்டும்.

எரிபொருளில் 10 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன், 15 முதல் 20 சதவீதம் எண்ணெய், மீதி மெத்தனால். முதல் மூன்று நான்கு டேங்குகளுக்கு ஊசியைத் தாராளமாகத் திறந்து, புகை தெரியும்படி மெல்ல ஓட்ட வேண்டும். பிறகு கால் திருகாக, அதிலும் பாதியாக ஊசியை மூடிக்கொண்டு வரலாம். எவ்வளவு மூடலாம்? சிலிண்டர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது சொல்லும். சொட்டு சோம்பலாகக் கிடந்தால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. மூன்று வினாடியில் சுருங்கி ஆவியானால் அளவு சரி. பட்டதும் துள்ளித் தெறித்தால் உடனே நிறுத்தி, ஊசியைத் திறந்து, காற்று வழியைப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் இளைஞர்கள் ஈடுபடுவதால் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மெத்தனால் கொடிய விஷம். உள்ளே போனால் கண் பறிக்கும், உயிர் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. எரிபொருளைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பெயர் எழுதிய தனிக் கேனில், பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். மெத்தனால் தீயின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரிவது தெரியாமல் கை வைத்துவிடக்கூடும். ஆகவே ஓட்டும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் இருக்க வேண்டும்.

கடைசிப் படி, நிறுத்துவது. ஓட்டம் முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடித்து, உள்ளே இருப்பதை எரிய விட்டு, எஞ்சின் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகும். இரண்டும் சேர்ந்தால் பேரிங் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும். ப்ளக் துளையில் சில சொட்டு, மூச்சுக்குழலில் சில சொட்டு என்று காப்பு எண்ணெய் விட்டு, ஃப்ளைவீலைக் கையால் பத்து முறை சுற்ற வேண்டும். சுற்றும்போது விரலுக்கு ஒவ்வோர் அழுத்தமும் தெரியும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. அந்த அழுத்தம் முதல் நாள் போலவே இருந்தால், ஃப்ளைவீல், விசிறி, த்ராட்டில் எல்லை, ஸ்டார்ட்டர், வடிகட்டி ஐந்தும் தத்தம் வேலையைச் செய்திருக்கின்றன என்று பொருள்.